பஞ்சுவின் எடை

குழந்தைக்கு எடையே இல்லை என்று தெரியவந்த காலையில், பத்தேகால் மணிக்கு, அந்த அறையில் இருந்தவர்கள்: உடுப்பில் ஒரு பொத்தான் குறைந்த நர்ஸ், பதிவேட்டின்மேல் கன்னத்தை வைத்திருந்த எழுத்தர், முறைக்குக் காத்திருந்த இரட்டைப் பிள்ளைக்காரி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், குழந்தையின் அப்பா, அப்பாவின் அக்கா, குழந்தையின் அம்மா, பிறகு, பத்து மாதம் முடிந்து நான்கு பல் முளைத்திருந்த அந்தப் பெண்குழந்தை. நர்ஸ் குழந்தையைத் தராசுத் தட்டில் உட்காரவைத்தாள். முள் பூஜ்யத்திலேயே நின்றது. குழந்தை தட்டின் விளிம்பைக் கடித்துப் பார்த்தது. நர்ஸ் தராசின் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, இரட்டையரில் ஒன்றை வாங்கி வைத்தாள்: ஏழரைக் கிலோ. மற்றதை வைத்தாள்: ஏழே முக்கால். திரும்பவும் இந்தக் குழந்தை: பூஜ்யம். அதன்பின் அம்மாவைப் பெரிய தராசில் ஏற்றினாள். அறுபத்தொன்றரை. குழந்தையைக் கையில் கொடுத்து ஏற்றினாள். அதே அறுபத்தொன்றரை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எழுதிய அட்டையில் அவள் எடை ஐம்பத்து மூன்று என்றிருந்தது. நர்ஸுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். “குழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா. எடை மட்டும் இன்னும் உன் இடுப்புலயே உக்காந்திருக்கு” என்று சொல்லி, அட்டையில் எடை என்ற கட்டத்தில் ‘எட்டரை, அம்மாவிடம்’ என்று எழுதிவிட்டு, “அடுத்தது யாரு?” என்றாள்.

“அதான் பாத்தேன், எவ்வளவு நேரம் வச்சிருந்தாலும் கை வலிக்கவே மாட்டேங்குதேன்னு” என்றான் அப்பா, சந்தோஷமாக. “எங்க காலத்துல இதையெல்லாம் யாரு நிறுத்துப் பாத்தா?” என்றாள் அவன் அக்கா. எழுத்தர் எழுந்திருக்கவில்லை.

அம்மா எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவள். கட்டடத்தில் எல்லோரும் அவளை லிஃப்ட்டம்மா என்றார்கள். நாமும் அப்படியே சொல்லலாம். வயிற்றில் இருந்த காலத்தில் மற்ற பெண்களுக்கு நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது. ஆறாம் மாதத்தில் வயிறு முன்னால் இழுத்தது; குப்புற விழாமல் இருக்கத் தோள்கள் பின்னால் போயின; கீழ்முதுகு உள்ளே குழிந்தது. அந்தக் குழிவில் தேநீர்க் கோப்பையை வைத்தால் சாயாது என்று மூன்றாம் மாடித் தட்டச்சுக்காரிகள் பந்தயம் கட்டி, வைத்தும் பார்த்தார்கள். பாதங்கள் தட்டையாகி, செருப்பு ஓர் அளவு கூடியது. பிறந்த பிறகு முதுகு தன் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவளுடையது திரும்பக் கிளம்பி, பாதி வழியில் இடப்பக்கம் ஒரு சந்து பார்த்து நுழைந்துவிட்டது. வலது கை கதவு திறக்க, அடுப்பைத் தணிக்க, துணி எடுக்க, தலை சீவ வேண்டியிருந்ததால் குழந்தை எப்போதும் இடது இடுப்பில். இடது இடுப்பு வெளியே தள்ளியது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது, கழுத்து அதை ஈடுகட்ட மறுபடி இடப்பக்கம் வந்தது. பின்னாலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு அடியில் தெரியும் கம்பைப்போல நின்றாள்.

வேறு யாரும் தூக்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் வாங்கினார்கள். அழுதால் திருப்பிக் கொடுத்தார்கள், நனைத்தால் திருப்பிக் கொடுத்தார்கள், பசித்தால், தூங்கினால், தூங்கி எழுந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் வேலைக்குப் போன நேரத்தில் நாத்தனார் குழந்தையைத் தரையில் பாய் விரித்து விட்டுவிட்டு, “இதோ அம்மா வந்துடுவா, இதோ அம்மா வந்துடுவா” என்று எட்டு மணிநேரம் சொன்னாள். அவளும் வந்தாள்.

எடை இல்லாத குழந்தையை வளர்ப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. காற்று நாட்களில் ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டும். நடக்க ஆரம்பித்ததும் கவுனின் ஓரத்தில் இரும்பு மரைகளை வைத்துத் தைத்தார்கள். ஓடும்போது கலகலவென்று சத்தம் வரும், தேட வேண்டியதில்லை. பஞ்சு என்று பெயர் நிலைத்தது. ஈர மணலில் அவள் தடம் பதியாது, செடிவேலியின்மேல் நடந்து பள்ளிக்கூடம் போவாள், அவள் உட்கார்ந்த நாற்காலியை இழுத்தால் நாற்காலி மட்டும் இழுத்த கனம் இருக்கும். அவளுடைய அப்பா அவளை எங்கும் தூக்கிக்கொண்டு போனான். கடைக்கு, முடிதிருத்தகத்துக்கு, நண்பர்கள் வீட்டுக்கு. நாலு மணிநேரம், ஐந்து மணிநேரம், சில சமயம் ஒற்றை விரலில். “இப்படி ஒரு அப்பனைப் பாத்ததுண்டா?” என்று தெருவே அவனைத் தூக்கி வைத்துப் பேசியது. அவன் வாங்கிய பாராட்டுக்கெல்லாம் எடை இருந்திருந்தால் அந்த வருஷமே அவனும் வளைந்திருப்பான். அவன் பக்கத்தில் லிஃப்ட்டம்மா வெறும் கையோடு, கோணிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பாள். “நீங்க கொஞ்சம் நிமிர்ந்து நடக்கக் கூடாதா?” என்று கேட்பார்கள்.

அவன் வேலை சரக்குக் கிடங்கில், புதிதாகச் சேரும் சுமைத் தொழிலாளிகளுக்குத் தூக்கச் சொல்லித்தருவது. முதுகு நேராக இருக்கணும், முழங்கால் மடங்கணும், சுமை உடம்போடு ஒட்டணும், கனத்தைக் கால் தூக்கணும் முதுகு தூக்கக் கூடாது. பதினைந்து வருஷமாக இதையே சொல்லி, தொண்டையில் அது ஒரு பாட்டு மாதிரி படிந்திருந்தது. கிடங்கில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். வீட்டிலும் அந்தப் பாடத்தை நடத்துவான். சமையலறைச் சுவரில் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டு, “இதுல முதுகை ஒட்டி தினமும் பத்து நிமிஷம் நில்லு, சரியாயிடும்” என்றான். அவள் ஒரு வாரம் நின்றாள். எட்டாம் நாள் பார்த்தால் கோடு கோணியிருந்தது.

வருஷத்துக்கு இரண்டு, மூன்று கிலோ என்று அது ஏறியது. பஞ்சுவுக்கு ஐந்து வயதில் பதினேழு. எட்டு வயதில் இருபத்தாறு. லிஃப்ட்டம்மாவின் இடது செருப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்ந்தது, வலது செருப்பு புதிதாகவே கிடந்தது. செருப்புக் கடைக்காரர் இரக்கப்பட்டு இடதுகளை மட்டும் தனியாக விற்றார். மெத்தையில் அவள் படுக்கும் பக்கம் ஒரு பள்ளம் விழுந்தது, வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் காணாமல் போன சாமான்கள் எல்லாம் அங்கே உருண்டு வந்து சேர்ந்தன. எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சத்தம் போட்டார். “குழந்தைய வெளியே விட்டுட்டு வாங்கன்னு அத்தனை தடவை சொன்னேனே!” குழந்தை வெளியே பெஞ்சுக்கு அரையடி மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. படத்தில், வளைந்த முதுகெலும்புக்குப் பக்கத்தில், இடது இடுப்பின்மேல், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் வெள்ளை நிழல். இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் நிழல் ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

பஞ்சுவுக்குப் பத்து வயது முடிந்தபோது எலும்பு மருத்துவர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தார். “முப்பத்தாறு கிலோ. அதான் கணக்கு. அதுக்கு மேல போச்சுன்னா அஞ்சாவது முள்ளெலும்பு வழுக்கிடும். அப்புறம் எழுந்து நிக்கறதுன்னு ஒண்ணு கிடையாது. படுக்கைதான்.”

“இப்ப எவ்வளவு டாக்டர்?” என்றாள்.

“முப்பத்திரண்டே முக்கால்.”

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “வருஷம் ஒண்ணுதான் இருக்கு. நீங்க வாங்கிக்கோங்க.”

“என்னத்த வாங்க? நான்தான் அவளை நாள் பூரா தூக்கறேனே.”

“அவளைத் தூக்கறீங்க. எடைய வாங்கிக்கோங்க.”

“அது உன் உடம்புல இருக்கு. நான் என்ன, அறுத்து எடுக்கவா முடியும்? கொடுத்தா வாங்க மாட்டேன்னா சொல்றேன்?” என்று அவன் நடுத்தெருவில் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நீட்டினான். அவள் இடுப்பைத் திருப்பி, முழங்காலை மடக்கி, ஒரு குடத்தை இறக்கிவைப்பதுபோல இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை. வழியில் போன ஒருவர் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார்.

லிஃப்ட் பழையது. கம்பிக் கதவு; கதவுக்கு மேலே, ஏறியிருக்கும் சுமையைக் காட்டும் ஒரு வட்ட முகமும் முள்ளும். இயக்குபவள் உட்கார ஒரு முக்காலி. பன்னிரண்டு வருஷமாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, தன் எடையைக் கழித்து, ஏறுகிற ஆளின் எடை கண்ணுக்குத் தெரியும். ஆண்கள் பார்த்த மாதிரியே இருந்தார்கள். எழுபது என்று தோன்றினால் எழுபது. பெண்களிடம்தான் கணக்கு உதைத்தது. மூன்றாம் மாடித் தட்டச்சுக்காரிகள் நாலு பேர், ஒல்லிப்பிச்சான்கள், சேர்ந்து ஏறினால் முள் முந்நூற்று எண்பதைத் தொட்டது. குச்சி மாதிரி இருக்கும் துப்புரவுக்காரி தனியாக ஏறினால் நூற்று இருபது. அவளுக்கு மூன்று பையன்கள். எல்லோரும் அவரவர் பக்கத்தில் கோணியிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. மாடி வந்ததும் இறங்கிப் போனார்கள்.

இதில் ஒரே ஓர் ஆண் மட்டும் ஒத்துவரவில்லை. ஆறாம் மாடியில் கோப்பறை பார்ப்பவர், ஐம்பது வயது, சட்டைப்பையில் எப்போதும் நூல்கண்டு. பார்த்தால் அறுபது கிலோ ஆள். ஏறினால் நூற்று இருபத்தைந்து. இடது தோள் தாழ்ந்து, வலது இடுப்பு கதவில் இடிக்கும். பஞ்சுவின் எடை முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு காலையில், லிஃப்டில் வேறு ஆளில்லாத நேரமாகப் பார்த்து, லிஃப்ட்டம்மா நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நெம்புகோலை நிறுத்தினாள்.

“சார், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒண்ணும்மா. பையன். இப்ப இருபத்து மூணு.” அவர் நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார், பிறகு அவள் இடுப்பைப் பார்த்தார். “ஓ” என்றார்.

“உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“அவன் அம்மா மூணாம் மாசமே போய்ச் சேந்துட்டா. அன்னிக்கி சாயந்திரம் அழுதான். யார்கிட்டயாவது குடுக்கலாம்னு திரும்பினேன். யாரும் இல்ல. இடுப்புல பொத்துன்னு வந்து உக்காந்துச்சு.” சட்டைப்பையில் இருந்த நூல்கண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “திருப்பிக் குடுக்க ஆள் இல்லம்மா. அவ்வளவுதான். வேற சூட்சுமம் ஒண்ணும் கிடையாது. லிஃப்ட்டை எடுக்கறீங்களா, மேல தேடுவாங்க.”

அவள் லிஃப்ட்டை எடுத்தாள். அன்று மாலைவரை எட்டு மாடியும் ஏறி இறங்கி யோசித்ததில், தான் செத்துப்போனால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது தெரிந்தது. சாவதற்கு அவளுக்கு மனமில்லை. முப்பத்தெட்டு வயது, முதுகைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. ஆகவே, சாகாமல் இல்லாமல் போக வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். வீட்டுக்குப் போய், இரண்டு மாற்றுத் துணி, சீப்பு, ஒரு போர்வை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பஞ்சுவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். பஞ்சுவுக்குப் பதினொன்று. “எங்க போற?” என்றாள். “கட்டடத்து மேல, மிஷின் ரூம். நீ வரலாம். எப்ப வேணா வரலாம். அப்பா வரக் கூடாது.” “எத்தனை நாள்?” “அவர் இடுப்பு வளையற வரைக்கும்.” பஞ்சு யோசித்துவிட்டு, “அப்பாவுக்கு ஜடை பின்னத் தெரியாதே” என்றாள். “கத்துப்பார்” என்றாள் அம்மா.

லிஃப்ட் இயந்திர அறை மொட்டை மாடியில் இருந்தது. நடுவில் பெரிய சக்கரம், கிரீஸ் வாசனை, ஓரத்தில் பலகை அடுக்கு. கட்டட மேலாளருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். வேலைக்கு ஆள் தாமதமாக வருவதில்லை என்பது அவருக்கு வசதி. தினமும் பள்ளி விட்டதும் பஞ்சு வந்தாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்க மாட்டாள், மாடிப்படிக் கைப்பிடியின்மேல் நடந்தே எட்டு மாடியும் ஏறிவிடுவாள். முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள், முள்ளை ஏமாற்றிக்கொண்டு அம்மாவோடு மேலும் கீழும் போனாள், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனாள். ஜடை முதல் வாரம் காக்காய்க் கூடு மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் கயிறு மாதிரி இருந்தது.

எடை மட்டும் நகரவில்லை. ஏனென்றால் அவன் நம்பவில்லை. இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று கிடங்கில் சொன்னான், பிறகு ஒரு வாரம் என்றான், அழுக்குத் துணியைக் குவித்து அவளுக்காக ஒதுக்கிவைத்தான். மூன்றாம் நாள் தரைத்தளத்தில் வந்து நின்றான். “என்ன விளையாட்டு இது? நாலு பேர் சிரிக்கறாங்க.”

“எந்த மாடி?” என்றாள்.

“என்ன எந்த மாடி? நான் உன் புருஷன்.”

“புருஷன் எந்த மாடிக்குன்னு சொன்னா கொண்டுபோய் விடுவேன். இல்லேன்னா கதவை விடுங்க, பின்னாடி ஆள் நிக்குது.”

பின்னால் நின்றவர் கணக்குப் பிரிவு. “எனக்கு அஞ்சு” என்றார்.

பிறகு நாத்தனார் வந்தாள். கட்டடத்தின் வாசலிலிருந்தே குரல் கேட்டது. பெற்றவளா இவள், கல்லா, ஊர் உலகத்தில் பிள்ளை பெறாதவள் யார், நாங்களெல்லாம் தூக்கலையா, எங்களுக்கெல்லாம் முதுகு இல்லையா என்று கேட்டுக்கொண்டே, தடியை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்து லிஃப்டுக்குள் ஏறினாள். முள் ஆடிப்போய் நின்றது. லிஃப்ட்டம்மா தன் எடையைக் கழித்துப் பார்த்தாள்.

“அண்ணி, நீங்க எவ்வளவு வெயிட்டு இருப்பீங்க?”

“ஐம்பத்திரண்டு. கல்யாணத்துல இருந்து அதே ஐம்பத்திரண்டு. பேச்சை மாத்தாத.”

“என்னைக் கழிச்சா முள்ளு நூத்து முப்பத்தொண்ணுன்னு காட்டுது. வெளிநாட்டுல இருக்கானே உங்க பையன், அவன் எவ்வளவு இருப்பான்?”

நாத்தனார் தடியைக் கை மாற்றிப் பிடித்தாள். “எழுபத்தஞ்சு, எண்பது இருப்பான்” என்றாள். “போன தடவை போட்டோல தொப்பை தெரிஞ்சுது.” முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்கள் ஏறுவதையும் இறங்குவதையும் முள் அசைவதையும் மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, “என் தம்பி கேட்டா நான் உன்னைத் திட்டினேன்னு சொல்லு” என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் அவள் மகனுக்குத் தொலைபேசி போட்டு, வயது முப்பத்தொன்று ஆகிறதே, இன்னும் எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதாகவும், அவன் பணம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டதாகவும், இவள் கெட்ட வார்த்தை சொல்லிப் போனை வைத்ததாகவும் அந்தத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

முப்பத்தொன்பதாம் நாள் முள்ளின்படி பஞ்சு முப்பத்தைந்தே முக்கால். லிஃப்ட்டம்மாவால் முக்காலியிலிருந்து ஒரே மூச்சில் எழ முடியவில்லை. இடது கால் மரத்துப்போய், பாதத்தைத் தரையில் தேடி வைக்க வேண்டியிருந்தது. தட்டச்சுக்காரிகள் முறைபோட்டுக் கதவை இழுத்துவிட்டார்கள். “பிடிவாதத்துல உடைஞ்சுடாதீங்கக்கா” என்றாள் ஒருத்தி. “வீட்டுக்குப் போனா உடையாதா?” என்று கேட்டாள் லிஃப்ட்டம்மா.

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு, எல்லா அலுவலகமும் ஏறுகிற நேரத்தில், கணவன் வந்தான். பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். விரலில் அல்லாமல், மார்போடு அணைத்து. பஞ்சுவின் கன்னம் சிவந்து, கண் பாதி மூடியிருந்தது. “சுரம். ராத்திரியிலேருந்து. அனலா கொதிக்குது. வாந்தி வேற. இந்தா, பிடி, நான் கிடங்குக்குப் போகணும், புது ஆளுங்க இருபது பேர் காத்துட்டிருக்காங்க” என்று நீட்டினான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் லிஃப்ட்டம்மாவைப் பார்த்தார்கள். அவள் கையை நீட்டி நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் இப்படி முப்பது சுரம் பார்த்த கை அது. நூற்றொன்று இருக்கும், மருந்து, தண்ணீர், தூக்கம். அதற்குள் அவள் இடது இடுப்பு தானாகவே வெளியே தள்ளி, குழந்தை உட்காரத் தோதாக மேடு கட்டி நின்றது. யாரும் அதைக் கேட்கவில்லை. பழகிய நாயைப்போல அதுவே முன்னால் வந்து நின்றது. அவள் அதைக் கவனித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையால் கம்பிக் கதவைப் பற்றி, அந்த இடுப்பை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்தாள். அவள் அதுவரை தூக்கியதிலேயே கனமானது அதுதான்.

“நூத்தொண்ணு இருக்கும்” என்றாள். “மருந்து சமையலறை மேல்தட்டுல, நீலமூடி பாட்டில். ஆறு மணிநேரத்துக்கு ஒருதடவை ரெண்டு மூடி. தண்ணி குடுத்துட்டே இருங்க. சாயந்திரம் குறையலேன்னா டாக்டர்.”

“நீ வரல?”

“இல்ல.”

“வேலைக்கு நான் போக வேண்டாமா?”

“அது உங்க பாடு.”

“உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?” என்றான். கூட்டத்தில் யாரோ அதையே முணுமுணுத்தார்கள்.

“இருக்கு. முதுகும் இருக்கு. பஞ்சு, அப்பா பாத்துப்பார்.”

பஞ்சு கண்ணைத் திறக்காமலே, “தெரியும், நீ போம்மா” என்றாள்.

லிஃப்ட்டம்மா கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி நெம்புகோலைத் திருப்பினாள். கதவின் கம்பிகளுக்கிடையே அவள் முகம் மேலே போனது, இடுப்பு போனது, தேய்ந்த இடது செருப்பு போனது. கணவன் திரும்பினான். வரிசையில் இருந்தவர்கள் பார்வையைக் காலடியில் போட்டார்கள். அக்கா வீட்டுப் பக்கம் நினைத்தான். அக்கா இப்போதெல்லாம் கதவைத் திறப்பதில்லை. கொடுப்பதற்கு யாரும் இல்லை என்று அவனுக்குப் புரிந்த அந்தக் கணத்தில் அது வந்தது. முப்பத்தைந்தே முக்கால் கிலோ, மொத்தமாக, இடது இடுப்பில். அவன் காலடியில் தரைக்கல் குறுக்கே விரிந்தது. முதுகு நேராக, முழங்கால் மடங்க, சுமை உடம்போடு ஒட்ட என்று அவன் வாய் தானாக ஓதியது; அதில் எதுவும் நடக்கவில்லை. இடுப்பு வெளியே போனது, உடம்பு மறுபக்கம் சாய்ந்தது, கழுத்து திரும்பி வந்தது. “ஐயோ” என்றான். பிறகு, “ஐயோ, இதையா?” என்றான். அதே நேரம் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் ஒரு சாண் மேலே எம்பியது. லிஃப்ட்டம்மாவின் முதுகிலிருந்து, காய்ந்த மூங்கில் வெடிப்பதுபோல, கீழிருந்து மேலாகப் பதினேழு சத்தங்கள் வரிசையாகக் கேட்டன. எட்டு மாடியிலும் கேட்டதாகச் சொன்னார்கள். தட்டச்சு நின்றது. கோப்பறைக்காரர் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்.

அவள் முதுகு நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பதினோரு வருஷ வளைவு வளைவுதான். அதற்குமேல் வளராது என்று மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் இடுப்பில் இப்போது நிழல் இல்லை. அது அவள் கணவன் படத்தில், முழங்கால்வரை கால் தொங்க உட்கார்ந்திருந்தது. கிடங்கில் புது ஆட்கள் “வாத்தியாரே, நேரா நில்லுங்க” என்று சிரித்தார்கள். அவன் பாடத்தை மாற்றிக்கொண்டான்: “தூக்கறதுக்கு முன்னாடி, இறக்கிவைக்க எங்க இடம் இருக்குன்னு பாத்துக்கங்க. இல்லேன்னா தொடாதீங்க.” தெருவில் அவனை யாரும் பாராட்டவில்லை, இப்போதுதான் அவன் தூக்குகிறான் என்பது யாருக்கும் தெரியவில்லை. பஞ்சு செடிவேலியின்மேல் நடந்துகொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து லிஃப்ட்டம்மா வீட்டுக்கு வந்தபோது ஒரு விபரீதம் நடந்தது. வாசற்படி தாண்டியதும் அவன், “அப்பாடா, வந்துட்டியா!” என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சோடு சேர்ந்து எடை கிளம்பி வந்து அவள் இடுப்பில் உட்கார்ந்தது. முப்பத்தாறரை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது முள்ளெலும்பு வழுக்குவதற்குள் வந்த வழியே வெளியே போனாள். அவன் ஜன்னல் வழியே கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை, தெருமுனையில் அது அவனிடமே திரும்பிப் போனது.

அதன்பின் உட்கார்ந்து பேசினார்கள், கட்டடத்துத் தரைத்தளத்தில், நடுவில் பஞ்சுவை வைத்துக்கொண்டு. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் அவள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இடையிடையே இறக்கிவைத்தால் முப்பத்தாறைத் தாண்டினாலும் முள்ளெலும்பு தாங்கும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் அவள் முதுகில் இருந்தால் ஆபத்து என்று மருத்துவர் சொன்னதால், அவள் முறையை மூன்று நாளாகவும் அவன் முறையை நாலு நாளாகவும் வைத்தார்கள். அவன் முதுகு புதியது. விடுப்பில் இருப்பவர் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால், முறையில் இருப்பவருக்கு எதிர்பார்ப்பு வந்துவிடும். நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, “இதுக்குப் பேர் குடும்பமா?” என்று கேட்டாள், பிறகு, இயந்திர அறையில் இன்னொரு பலகை போட இடமிருக்கிறதா என்றும் கேட்டாள். இடமிருந்தது.

இன்றும் அப்படித்தான். ஞாயிறு காலை லிஃப்ட்டம்மாவின் முறை முடிகிறது. பையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி நிற்கிறாள், பாரம் இன்னும் இடுப்பில்தான். கணவன் வாசலில் நிற்கிறான், இடது இடுப்பை ஆயத்தமாக வெளியே தள்ளிக்கொண்டு, வாயில் ஜடைநாடாவைக் கவ்விக்கொண்டு.

“தாழ்ப்பாள் போட்டா போதுமா?” என்கிறான்.

“போதாது. பூட்டுங்க. போன வாரம் தாழ்ப்பாள் போட்டீங்க, பாதி எடை எங்கூடயே மூணு தெரு வந்துச்சு.”

“திடீர்னு ஏதாவது வேணும்னா?”

“தேடிக்கோங்க.”

“அம்மா, இன்னும் நிக்கறியா?” உள்ளேயிருந்து பஞ்சுவின் குரல் வருகிறது. “போ!”

அவன் கதவைச் சாத்தி, உள்ளிருந்து சாவியை இரண்டு முறை திருப்புகிறான். முதல் சுற்றுக்குப் பாதி இறங்குகிறது. இரண்டாவதுக்கு மீதி.